தூறல் நாளின் மேப்பிள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், டொராண்டோவிலிருந்து காரில் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறது அல்கோன்குவின் பூங்கா. இலையுதிர் காலம் வந்தால் கேமராவும் கையுமாகக் கூட்டம் அங்கே திரண்டுவிடும். பெரும்பாலோர் நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் கிளம்புவார்கள். நான் வானம் மூடிய நாளுக்காகக் காத்திருப்பவன்.

மேப்பிள் இலையின் மேல் மெழுகுபோல் ஒரு பூச்சு உண்டு. உச்சி வெயிலில் அது பளபளத்து, அடியிலிருக்கும் சிவப்பை வெளுக்கச் செய்துவிடும். மேகம் மூடினால் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் மெல்ல இறங்கும். கடும் நிழல் விழாது. தூறலும் சேர்ந்துவிட்டால் இன்னும் நல்லது. மரப்பட்டை நனைந்து கறுக்கும். அந்தக் கறுப்பின் முன்னால் ஒற்றை இலைகூட எரியும்.

ஈர இலையிலும் மினுமினுப்பு உண்டு. அதை அகற்றத்தான் போலரைசர் ஃபில்டர். லென்ஸின் முன்னால் அதை மெதுவாகத் திருப்பும்போது, வெள்ளைப் பூச்சு விலகி நிறம் மேலெழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்த கணம் அது. ஆனால் ஏரிக்கரையில் நிதானம் வேண்டும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் தண்ணீரில் தெரியும் மரங்களும் மறைந்துபோகும். அந்த ஃபில்டர் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கும் என்பதால் ட்ரைபாட் அவசியம். காற்று அடங்கியிருக்கும் அதிகாலையே தோதான நேரம்.

இலையின் மஞ்சள் புதிதாக வருவதில்லை. கோடை முழுக்கப் பச்சையத்தின் பின்னால் இருந்த கரோட்டினாய்டுகள், பச்சையம் சிதைந்ததும் தெரியவருகின்றன. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து மரம் அந்தப் பருவத்தில் புதிதாகச் செய்யும் ஆந்தோசயனின் அது. வெயிலான பகலும், உறைபனி விழாத குளிர் இரவும் தொடர்ந்து வந்த ஆண்டில் சிவப்பு ஆழமாக இருக்கும். பூங்காவில் சுகர் மேப்பிள் பொதுவாகச் செப்டம்பர் கடைசியில் சிவக்கும். அக்டோபர் நடுவில் ஆஸ்பென் மஞ்சளாகும். கூட்டம் கலைந்த பிறகு, சதுப்பு நில ஓரங்களில் டாமராக் பொன்னிறம் கொள்ளும். ஊசியிலை மரமாக இருந்தும் இலை உதிர்க்கும் இந்த டாமராக்கைப் பார்க்காமல் ஊர் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கேமராவை முழுக்க நம்பக் கூடாத இடங்கள் இரண்டு. தானியங்கி ஒயிட் பேலன்ஸ், காட்டின் பொன் சாயலைப் பிழை என்று எண்ணிக் குளிர்வித்துவிடும். அதை மேகமூட்டத்துக்கென உள்ள அளவில் நிறுத்திவிட வேண்டும். அடுத்தது எக்ஸ்போஷர். மொத்தப் படமும் சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் எல்லை மீறி, இலை நரம்புகள் அழிந்திருக்கும். ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியே பார்த்து, வெளிச்சத்தைச் சற்றே குறைத்தால் நரம்புகள் மீளும்.

இந்தக் காட்டை எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் கற்றுத்தந்தவர் ஓர் ஓவியர். 1912இல் முதன்முதலாக இங்கே வந்த டாம் தாம்சன், 1917இல் இங்குள்ள கனூ ஏரியிலேயே இறந்தார். கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறு பலகைகளில், சுமார் 21 செ.மீ. உயரம், 27 செ.மீ. அகலத்துக்குள், காட்டில் இருந்தபடியே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவற்றில் சிவப்பு தனியாக நிற்பதில்லை. சாம்பல் நிற ஏரி, கரும்பச்சை ஊசியிலை மரங்கள், கறுத்த அடிமரங்கள் எல்லாம் சேர்ந்து அதைத் தாங்குகின்றன. சட்டகம் முழுக்கச் சிவப்பை நிரப்பிய படம் ஒரு நொடியில் அலுத்துவிடுவது ஏன் என்பதற்கு அந்தப் பலகைகளில் விடை இருக்கிறது.

ஆகவே கணினியில் நிறத்தைக் கூட்டும் ஆசையை அடக்குங்கள். நிறத்தை மரம் கொடுத்துவிட்டது. வெளிச்சத்தையும் அண்டை நிறத்தையும் தேர்வதே நம் வேலை. அடுத்த அக்டோபரில் வானிலை அறிக்கை தூறல் என்று சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு குடையும், லென்ஸ் துடைக்க மெல்லிய துணியும் எடுத்துக்கொண்டு விடியுமுன் கிளம்புங்கள்.