குனிந்தவர்களின் உருவப்படம்

பி. சாய்நாத்தின் ‘விசிபிள் ஒர்க், இன்விசிபிள் விமன்’ காட்சியில் ஒரு படத்தின் முன்னால் மட்டும் என் மாணவிகளைச் சற்றுக் கூடுதல் நேரம் நிறுத்திவைப்பேன். 1993க்கும் 2002க்கும் இடையில் பத்து மாநிலங்களில் அவர் எடுத்த படங்கள் அவை. அவர் 2014இல் தொடங்கிய ‘பாரி’ இணையக் காப்பகத்தில் இருப்பதால் வகுப்பறைத் திரையிலேயே காட்டிவிட முடிகிறது.

படம் ஒடிசாவின் ராயகடாவில் எடுத்தது. நிலத்துக்காரர் கேமராவுக்காக விறைப்பாக நிற்கிறார். பின்னால் ஒன்பது பெண்கள் இரண்டாக மடிந்து நாற்று நடுகிறார்கள். நாளுக்கு 40 ரூபாய் தருவதாக அவர் சொன்னதையும், 25தான் தருகிறார் என்று பெண்கள் பிறகு சொன்னதையும் படக்குறிப்பு அடுத்தடுத்து வைக்கிறது.

குறிப்பை மறைத்துவிட்டுப் பாருங்கள். அவர் வீட்டுக் கூடத்தில் பெருமையாக மாட்டிக்கொள்ளக்கூடிய படம்தான். உருவப்படத்துக்கு முகம் வேண்டும். முகம் தெரிய நிமிர வேண்டும். நிமிர்ந்தால் நடவு நிற்கும். அந்த ஓய்வு யாருக்கு இருக்கிறதோ அவருக்கே உருவப்படம் வாய்க்கிறது. சாய்நாத்தின் படத்தைத் திருப்பிப்போடுவது ஒளியோ கோணமோ அல்ல, அந்தப் பதினைந்து ரூபாய்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஒன்பது பேரில் ஒருவர் பெயரும் இல்லை. நிலத்துக்காரர் பெயரும் இல்லைதான். ஆனால் அவர் பெயர் பட்டாவில் இருக்கும்.

எங்கள் பக்கம், ராசிபுரம் சுற்றுவட்டாரத்தில், கடலைக்காட்டுக் களையும் மரவள்ளிக் கிழங்கின் தோல் சீவலும் பெண்கள் கையில்தான். மரம் நடும் விழாப் படங்களும் ராயகடாவை நினைவூட்டுபவையே: முன்னால் வெள்ளை வேட்டி, கையில் கன்று. சித்திரை வெயிலில் அதற்குத் தண்ணீர் சுமப்பவள் படத்துக்குள் வருவதில்லை. நடுவது ஒரு நிமிடம், அதைக் கேமரா பிடித்துவிடும்; தண்ணீர் ஊற்றுவது இரண்டு கோடை. கர்நாடகத்தின் சாலுமரத திம்மக்காவைப் போல ஆலங்கன்றுகளுக்குக் குடம் சுமந்தே முகம் பெற்றவர்கள் அபூர்வம்.

இதைப் பேசிய வாரம் ஒரு மாணவி தன் அம்மாவைப் படமெடுத்து வந்தாள். அடுத்தவர் வரப்பில், தேக்கங்கன்றுகளுக்கு நடுவே, இடுப்பில் குடத்தோடு நேராகப் பார்க்கிறார். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு அம்மா நிமிர்ந்து நிற்கும் முதல் படம் என்றாள். கீழே கூலி மட்டும் எழுதியிருந்தது. பெயர் எங்கே என்று கேட்டேன்.

“எழுதத்தானுங்க போனேன் மேடம். ‘பேரு வேண்டாங் கண்ணு, தோட்டத்துக்காரரு பாத்தா நாளைக்கு வேலைக்குக் கூப்புடமாட்டாரு’ன்னு அம்மா அழிச்சிருச்சுங்க.”