காஞ்சித் திணையில் ஒரு பகலும் ஓர் இரவும்

தமிழில் நிலையாமை பேசும் பாடல்களைத் துறவுக்கு முன்னுரையாகவே படித்துப் பழகிவிட்டோம். செல்வம் போகும், இளமை போகும், உடம்பு சாயும்; ஆகவே பற்றை விடு என்பதே அவற்றின் சாரம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வருகிறோம். அந்தப் பாடல்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேறொரு குரல் கேட்கிறது. கையில் இருக்கும் இந்த நாளை என்ன செய்யப்போகிறாய் என்று அது கேட்கிறது.

உலகின் நிலையாமையைப் பாடும் திணையைத் தொல்காப்பியம் காஞ்சி என வகுத்தது. அதற்கு நம்மிடம் உள்ள மிகப் பெரிய சான்று மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி. 782 அடிகள், பத்துப்பாட்டில் இதுவே நீளமானது. தலையாலங்கானத்தில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்தப் பாடியது என்பார்கள். ஆனால் புலவர் அதை நேராக உணர்த்தும் இடம் மிகச் சிறியது. உலகாண்டு மறைந்த மன்னர்கள் அலை குவித்த மணலைவிடப் பலர் என்று சொல்லிவிட்டு, அவர் நாட்டுக்குள்ளும் பிறகு நகருக்குள்ளும் போய்விடுகிறார்.

அதன்பின் வருவது மதுரையின் ஒரு பகலும் ஓர் இரவும். நாளங்காடியில் கொடிகள் அசைகின்றன; பூவும் வெற்றிலையும் சுண்ணாம்பும் விற்கிறார்கள். சங்கு அறுத்து வளையல் செய்பவர், மணிக்குத் துளையிடுபவர், பொன்வேலை செய்பவர், செம்பு நிறுத்து வாங்குபவர், ஓவியம் தீட்டுபவர் எனத் தெருமுனையில் நெருக்கியடித்து நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். மாலையில் விளக்கேற்றுகிறார்கள், அல்லங்காடி கூடுகிறது. சாமம் சாமமாக இரவு நகர்கிறது. தேனடைபோல் மெல்லிய அடை சுட்டு விற்றவர்கள் கடையிலேயே தூங்கிவிழுகிறார்கள். நள்ளிரவில் திருடர்கள் நடமாட, ஊர்க்காவலர் உறங்காமல் திரிகிறார்கள். விடியும்போது மறை ஓதும் குரல், யாழின் ஒலி, கதவு திறக்கும் ஓசை.

நிலையாமை சொல்ல வந்தவருக்கு அடை விற்பவரின் தூக்கம் எதற்கு? பாட்டின் உயிரே இங்கேதான் இருப்பதாக நான் கருதுகிறேன். மறைந்துபோகும் என்று தெரிந்த கண்தான் இத்தனை நெருக்கமாகப் பார்க்கும். பாட்டை முடிக்கும்போதும் புலவர் அரசனைக் காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. உனக்கென்று வரையறுத்துக் கொடுத்த நல்ல காலத்தை மகிழ்ந்து இனிதாக வாழ் என்றே வாழ்த்துகிறார்.

புறநானூற்றிலும் இதே நோக்கைப் பார்க்கலாம். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. உலகம் கொடியதுதான் என்று ஒப்புக்கொள்ளும் பக்குடுக்கை நன்கணியார் (194), அதன் இயல்பை அறிந்தவர்கள் இனியவற்றைக் காணவேண்டும் என்கிறார். தொடித்தலை விழுத்தண்டினார் (243) தம் இளமையை நினைத்து வருந்துகிறார். ஊன்றுகோலும் இருமலுமாக நிற்கும் அந்தக் கிழவருக்கு மருதமரக் கிளையிலிருந்து மடுவில் குதித்ததும், அடிமணலை அள்ளிவந்து காட்டியதும் துல்லியமாக நினைவிருக்கின்றன. வருத்தம் இவ்வளவு கூர்மையாக இருப்பதற்கு அந்த நாள் முழுசாக வாழப்பட்டதுதான் காரணம்.

அறநூல்களின் தொனி வேறு. அவற்றில் காட்சியைவிட அவசரம் மிகுதி. திருக்குறளில் நிலையாமை துறவறவியலின் 34ஆம் அதிகாரமாக நிற்பது உண்மைதான். ஆனால் அந்த அதிகாரத்துக்குள்ளேயே, நா அடங்கி விக்கல் எழும் முன்னர் நல்வினையைச் செய்துவிடு என்கிற குறள் (335) இருக்கிறது. பாயிரத்தின் 36ஆம் குறளும் அறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாதே என்கிறது. நாலடியாரின் அதிகார வைப்பு இன்னும் தெளிவானது. செல்வம், இளமை, யாக்கை என மூன்று நிலையாமைகளை அடுத்து நான்காவதாக வருவது அறன் வலியுறுத்தல். துறவு ஆறாவதாகத்தான் வருகிறது. ஏர்மாடு உழுது விளைத்த சோற்றைப் பலரோடு சேர்ந்து உண் என்று நூலின் இரண்டாம் பாட்டே சொல்லிவிடுகிறது. சமண முனிவர்களின் தொகுப்பு என்று மரபு சொல்லும் நூல் இது. மணிமேகலையும் சுடுகாட்டின் வழியாக நிலையாமையைக் காட்டிவிட்டுக் கையில் அமுதசுரபியைத் தருகிறது. பசி இன்றைக்குத்தானே எடுக்கிறது!

பிற்காலத்தில் இந்த நோக்கு குறுகியது என்பது என் எண்ணம். பட்டினத்தாரின் பெயரால் வழங்கும் பாடல்களிலும் சித்தர் பாடல்கள் பலவற்றிலும் உடம்பின் மீதான அருவருப்பு, குறிப்பாகப் பெண்ணுடம்பின் மீதான அருவருப்பு, நிலையாமையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாளும் தெருவும் சந்தையும் அங்கே மங்கிவிடுகின்றன. பட்டினத்தார் தாயை எரியூட்டும்போது பாடியதாகச் சொல்லப்படும் பாடல்கள் இதற்கு விலக்கு. அவள் சுமந்ததும் ஊட்டியதும் கொஞ்சியதும் அங்கே ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. எல்லாம் பொய் என்று சொல்லிவந்த வாய்க்கு அவளைப் பொய் என்று சொல்ல வரவில்லை.