காலண்டர் போன வீடுகளுக்கு ஓவியம் எப்போது போகும்?

தற்காலக் கலைக்கு எதிர்காலம் உண்டா என்று பெருநகரங்களில் கருத்தரங்கு போட்டுப் பேசுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நின்று பார்த்தால், அது இந்தப் பக்கம் எப்போதாவது வந்ததா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

கலைக்கு இங்கே பஞ்சமில்லை. 1949இல் மதுரைக்காரரான ஓவியர் கிருஷ்ணா ராவ் வரைந்த அரசு முத்திரையில் நிற்பது வடபத்ரசாயி கோயிலின் 192 அடி ராஜகோபுரம்தான் என்பது ஊரார் நம்பிக்கை. மதுரை மேற்குக் கோபுரம் என்று வாதாடுவோரும் உண்டு. இந்த ஊரில் அந்தப் பேச்சு எடுபடாது. கோபுரத்தைவிட என்னை ஈர்ப்பது ஆண்டாள் கையிலுள்ள கிளி. பச்சை இலை, மாதுளம்பூ, மூங்கில் குச்சி கொண்டு அன்றாடம் புதிதாகக் கட்டுகிறார்கள். மறுநாள் அது ஒரு பக்தர் கைக்குப் போகிறது. வாடி அழியும் ஒன்றையும் கலைப்படைப்பு என்று மேலைக் காட்சிக்கூடங்கள் ஏற்கத் தொடங்கியது சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில்தான். நாம் அதைக் கைங்கர்யம் என்று சொல்லி, கட்டியவர் பெயரைக் கேட்காமலே கும்பிட்டுவிடுகிறோம்.

பெயர் தெரிந்த கலை இந்த வட்டாரத்தில் பரவியது அச்சகத்தின் வழியாக. சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் நிலைகொண்டவர் சி. கொண்டையராஜு (1898–1976). அவரும் டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்களைச் சிவகாசி அச்சிட்டது. மளிகைக் கடை காலண்டராகப் போய் அவை வீட்டுச் சுவரில் ஏறின. ஆண்டு முடிந்ததும் தாளைக் கிழித்துவிட்டுப் படத்துக்குச் சட்டம் போட்டார்கள். ஒரே ஓவியரை இத்தனை வீடுகள் பார்த்தது தமிழ்நாட்டில் அபூர்வம். ஆனாலும் 'காலண்டர் படம்' என்பது விமர்சகர்களிடையே வசைச்சொல்லாகவே நெடுநாள் இருந்தது. ஸ்டீபன் இங்க்லிஸ் என்ற கனடா நாட்டு மானுடவியலர் வந்து ஆராய வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று.

1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். தங்கள் கலையைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள ஓவியர்கள் கைவினைப் பொருள் செய்து விற்றார்கள், மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் அங்கே பிறந்த ஓவியங்கள் கரிசல் பூமிக்கு வரவில்லை. நவீனக் கோடு இங்கே வந்து சேர்ந்தது வார இதழ்களில். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் வரைந்த படங்களை, கேலரி வாசலை மிதித்தறியாத ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். புரியவில்லை என்று யாரும் இதழை வீசி எறியவில்லை. புரியாமைதான் தடை என்று இன்றும் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கண்ணில் படாததுதான் தடை.

இப்போது அந்த வழிகளும் அடைபட்டு வருகின்றன. ஃப்ளெக்ஸ் வந்ததும் போர்டு ஆர்ட்டிஸ்ட்டுகள் தூரிகையை வைத்துவிட்டு வேறு வேலை தேடிப் போனார்கள். கணினியிடம் சொன்னால் அது முருகனையும் வரைந்து தருகிறது. அரசு நுண்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் மட்டும். பள்ளியிலாவது ஓவியம் உண்டா என்றால், 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தினார்கள்; ஊதியம் பின்னர் உயர்ந்தது, பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் இன்னும் போராடுகிறார்கள். பார்வையாளரை உருவாக்க வேண்டிய ஆசிரியருக்கே நிலையான நாற்காலி இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் கொச்சியில் 2012 முதல் பினாலே என்ற தற்காலக் கலைவிழா நடக்கிறது. பழைய கிட்டங்கிகளில் படைப்புகளை வைத்தார்கள். உள்ளூர்ச் சனம் குடும்பத்தோடு வந்து பார்த்தது. சென்னைக் கண்ணகி நகரில் குடியிருப்புச் சுவர்களிலேயே பெரும் ஓவியங்கள் எழுந்தன. குடிபெயர்க்கப்பட்டவர்களின் ஊருக்கு வண்ணம் போதுமா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. அப்படிக் கேட்க வைத்ததும் கலையின் வேலைதான். இங்கே கேட்கவா விஷயமில்லை? ராஜபாளையத்துப் பஞ்சாலை, சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி, பட்டாசு ஆலையில் விரல் கருகிய பெண்கள். தற்காலக் கலைக்கு இதைவிடக் கனமான பொருள் எந்த நகரத்தில் கிடைக்கும்?

பொருள் மட்டுமல்ல, கலைக்கு இடம் கொடுத்ததற்கும் இங்கே முன்னுதாரணம் உண்டு. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். இன்று வீட்டையெல்லாம் யாரும் எழுதித் தர வேண்டாம். சிவகாசி காலண்டர்க்காரர்கள் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று புதிய ஆல்பம் வெளியிடுகிறார்கள். அதில் ஆறு படங்களாவது, இப்போது வாழும் தமிழ் ஓவியர்களுடையதாக, ஓவியர் பெயரோடும் நியாயமான சன்மானத்தோடும் இடம்பெறட்டும். கொண்டையராஜுவின் படத்தை அச்சிட்டுப் பிழைத்த தொழில் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும்.