விருது விழா நடத்துநரும் அவர்தம் கலைவாழ்வும்

பரிசு பெற்ற நடிகரைப் பற்றி எழுதுவோர் பலர். பரிசளிப்பு விழாவை நடத்திச் செல்லும் நடிகரைப் பற்றி எழுதுவோர் சிலரே. அமெரிக்க நாட்டின் ஆஸ்கார் விழாவை நடத்தினோர் குறித்து மக்களிடையே இரு கருத்துகள் வழங்குகின்றன. விழாவைத் திறம்பட நடத்தியவர் திரையுலகில் மேலும் உயர்வர் என்பது ஒன்று. நடத்தத் தவறியவர் தாழ்வர் என்பது மற்றொன்று. இவை பொருந்துமா என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1929 மே 16ஆம் நாள் ஹாலிவுட் ரூஸ்வெல்ட் விடுதியில் நடந்த முதல் விழாவில் கழகத் தலைவரும் பெருநடிகருமாகிய டக்ளஸ் பேர்பாங்க்ஸ் முன்னின்றார். பரிசு பெறுவோர் பெயர் முன்னரே வெளியிடப்பெற்றிருந்தமையின், அவையினரை நகைப்பூட்டி இருத்தி வைக்க வேண்டிய தேவை அன்று இல்லை. பின்னர் வானொலியும், 1953 முதல் தொலைக்காட்சியும் விழாவை இல்லந்தோறும் கொண்டு சென்றன. பரிசுக்கும் பரிசுக்கும் இடைப்பட்ட பொழுதை நிரப்பவல்ல ஒருவர் இன்றியமையாதவர் ஆயினார். அப்பணி பெரும்பாலும் நகைச்சுவைக் கலைஞரிடமே சென்றது.

அவருள் தலையாயவர் பாப் ஹோப். 1940 முதல் 1978 வரை, தனித்தும் பிறருடன் கூடியும், 19 முறை அவர் இவ்விழாவை நடத்தினார். கழகம் அவருக்குச் சிறப்புப் பரிசுகள் பல வழங்கியது. ஆயின் நடிப்பிற்கென அமைந்த போட்டிப் பரிசை ஒருமுறையேனும் வழங்கிற்றில்லை. அவரோடு 'ரோட் டு சிங்கப்பூர்' முதலிய படங்களில் இணைந்து நடித்த பிங் கிராஸ்பி, 'கோயிங் மை வே' என்னும் படத்தில் பாதிரியார் வேடம் பூண்டமைக்காக 1945 இல் சிறந்த நடிகர் பரிசு பெற்றார். அவ்விழாவை நடத்தியோருள் ஒருவர் ஹோப்பே ஆவர்.

இந்நிகழ்ச்சி தற்செயலானது எனக் கொள்வார்க்குப் பில்லி கிரிஸ்டலின் வாழ்வு விடை கூறும். 1990 முதல் 2012 வரை 9 முறை விழா நடத்திய அவர், நடிப்புப் பரிசுக்கு ஒருமுறையும் முன்மொழியப்பட்டவரல்லர். 1992 இல் அவர் நடத்திய விழாவில், அவரே தலைமை வேடம் தாங்கிய 'சிட்டி சிலிக்கர்ஸ்' என்னும் நகைச்சுவைப் படத்திற்காக ஜாக் பாலன்ஸ் துணை நடிகர் பரிசு பெற்றார். பாலன்ஸோ கொடியோர் வேடங்களால் பெயர் பெற்றவர். நகைச்சுவைப் படத்திற்குப் பரிசு வந்தபோதும் அது நகைச்சுவைக் கலைஞரை விடுத்து வேறொருவரையே சேர்ந்தது என்பது கருதத்தக்கது.

நகை தோன்றும் நிலைக்களம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு எனத் தொல்காப்பியம் வகுக்கும். அவற்றுள் எள்ளல், பிறரை எள்ளுதலும் தான் எள்ளப்படுதலும் என இருவகைப்படும் என்பது உரையாசிரியர் விளக்கம். புகழ்மிக்கோர் நிறைந்த அவையில் பிறரை எள்ளுதல் இடர் தரும். ஹோப் தமக்குப் பரிசு கிட்டாமையையே பலகாலும் நகைப்பொருளாக்கினார். பெறாதவர் பெறுவோரை வரவேற்றலே அவ்வரங்கின் சுவையாயிற்று.

அங்ஙனமாயின், விழா நடத்தியமையே பரிசுக்குத் தடையாயிற்றோ எனின், அன்று. டேவிட் நிவன் 1959 இல் விழா நடத்தியோருள் ஒருவராக இருந்துகொண்டே, 'செப்பரேட் டேபிள்ஸ்' படத்திற்காகச் சிறந்த நடிகர் பரிசும் பெற்றார். ஊப்பி கோல்ட்பர்க் 'கோஸ்ட்' படத்திற்காக 1991 இல் பரிசு பெற்ற பின்னரே, 1994 இல், தனித்து நின்று விழா நடத்திய முதற்பெண்மணியானார்.

இனி, மற்றொரு கருத்தை நோக்குவோம். 2009 இல் ஹியூ ஜாக்மன் விழாவை நடத்திப் பாராட்டுப் பெற்றார். 2011 இல் ஜேம்ஸ் பிராங்கோவும் ஆன் ஹாதவேயும் நடத்திய விழா கடுங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. பின்னர் ஜாக்மனும் ஹாதவேயும் 'லெ மிசராப்' என்னும் ஒரே படத்தில் நடித்து, 2013 விழாவில் இருவரும் பரிசுக்கு முன்மொழியப்பட்டனர். பாராட்டப்பட்டவர் பரிசு பெற்றிலர். கண்டிக்கப்பட்டவரே துணை நடிகைப் பரிசு பெற்றார். நடத்துநராக எய்திய புகழும் இகழும் நடிப்பின் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

ஆகவே, ஹோப்பும் கிரிஸ்டலும் விழா மேடை ஏறியமையால் பரிசை இழந்தவரல்லர். நகைச்சுவையை அவ்விரவிற்கு வேண்டிய விருந்தாகக் கொண்ட அதே திரையுலகம், எடைபோட்டுப் பரிசளித்தற்குரிய கலையாக அதனைக் கொண்டிலது. மேடைக்கு அழைத்தலும் பரிசில் மறத்தலும் ஒரே வேரில் கிளைத்த இரு கிளைகள். கோல்ட்பர்க்கின் பரிசு இவ்விதிக்கு விலக்காகும். விலக்கு அரிதாயிருத்தலே விதியின் வலிமையைக் காட்டுகின்றது.

திரைப்படத்தால் பெயர் பெறாத தொலைக்காட்சி உரையாடலாளர் இப்பணியை ஏற்றல் புதிதன்று. ஜானி கார்சன் 1979 முதல் 1984 வரை 5 முறை இவ்விழாவைச் செவ்வனே நடத்தினார். 2019 முதல் 2021 வரை மூன்றாண்டுகள் நடத்துநர் இன்றியே விழா நடைபெற்றது. அதன்பின் ஜிம்மி கிம்மலும் கோனன் ஓ'பிரையனும் அழைக்கப்பெற்றனர். திறமையில் அவர்கள் குறைந்தவரல்லர். ஆயினும் பரிசு கிட்டாத திரைநடிகர் ஒருவர் தம் துறையினர் முன் நின்று தம்மையே எள்ளி நகைத்தபோது, அந்நகையினுள் ஒரு முறையீடும் இருந்தது. வெளியிலிருந்து வருவோர் நகையில் அம்முறையீட்டிற்கு இடமில்லை.

அழுகையைப் போன்றே நகையும் மெய்ப்பாடு எட்டனுள் ஒன்று; எண்வகையுள் அதனை முதற்கண் வைத்து எண்ணியது தமிழிலக்கணம். ஹோப்பின் 19 விழாக்களையும் சிறப்பெனப் போற்றுவோர், அவர்தம் நடிப்பு நிறுத்துப் பார்க்கப்படாமையையும் உடன் எண்ணுதல் வேண்டும் என்பதே எம் துணிபு.