நான்கு தோல்விகள்

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையிலேந்தியே ஓடுகின்றனர்; இரு கம்பங்களுக்கிடையே உதைத்துப் புள்ளி ஈட்டும் தருணங்கள் சிலவே. அதன் இறுதிப் போட்டியாகிய சூப்பர் பவுலில் நான்கு முறை ஆடி, நான்கிலும் தோற்ற அணிகள் இரண்டு: பஃபலோ பில்ஸ், மினசோட்டா வைக்கிங்ஸ். எனவே இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. 'அவர்களும் நாங்களும் ஒன்றா?' எனப் பொருமும் ரசிகர்கள் இரு பக்கமும் உண்டு.

அப்பொருமலில் நியாயம் இருக்கிறது. வைக்கிங்ஸின் தோல்விகள் 1970 முதல் 1977 வரை விட்டுவிட்டு நேர்ந்தவை. நான்கு ஆட்டங்களிலும் முற்பாதியில் அவர்கள் ஒரு புள்ளியும் பெறவில்லை. பில்ஸோ 1991 முதல் 1994 வரை ஆண்டுதோறும் இறுதிக்கு வந்தனர். தொடர்ந்து நான்கு முறை அவ்வாறு வந்த அணி வேறில்லை. தோற்கவும் முதலில் அங்கே சென்றாக வேண்டுமன்றோ! முதல் தோல்வி ஒரே புள்ளியில், 20-19. கடைசி நொடிகளில் ஸ்காட் நார்வுட் 47 கெஜத் தொலைவிலிருந்து உதைத்த பந்து வலக் கம்பத்திற்கு வெளியே சென்றது.

மறுநாள் பஃபலோவின் நயாகரா சதுக்கத்தில் பல்லாயிரவர் திரண்டனர். ஏசுவதற்கன்று, நார்வுட்டின் பெயரைச் சொல்லி முழங்கி, பேச அழைப்பதற்கு. அவர் நாத் தழுதழுக்கப் பேசினார். 1998-இல் வின்சென்ட் காலோ இயக்கிய 'பஃபலோ 66' திரைப்படத்தில், பந்தயத்தில் பணமிழந்த நாயகன், உதை தவறவிட்ட ஆட்டக்காரரைக் கொல்லப் புறப்படுகிறான். இறுதியில் மனம் மாறுகிறான். நல்ல படந்தான். ஆயினும் அவன் படம் முழுதும் நடந்து சென்றடையும் இடத்திற்கு அவ்வூரார் ஒரே இரவில் வந்துவிட்டனர் என்பதே என் கருத்து.

வைக்கிங்ஸுக்கும் அத்தகைய நாள் வந்தது. 2016 சனவரியில் பிளேர் வால்ஷ் வெறும் 27 கெஜத்திலிருந்து தவறவிட, சியாட்டிலிடம் 10-9 எனத் தோற்றனர். மினசோட்டாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு ஆறுதல் மடல்கள் எழுதினர். அவரும் பள்ளிக்கே சென்று அவர்களைக் கண்டார்.

ஒப்பிட்டே ஆகவேண்டுமெனில் இவற்றை ஒப்பிடலாம். இன்னொன்றும் உண்டு. 1993 சனவரியில் ஹூஸ்டனுக்கு எதிராக 32 புள்ளிகள் பின்தங்கியிருந்த பில்ஸ் மீண்டெழுந்து 41-38 என வென்றனர். ஏறத்தாழ முப்பதாண்டுகள் நிலைத்த அந்தச் சாதனையை, 2022 திசம்பரில் 33 புள்ளிகள் பின்தங்கியிருந்து இண்டியானாபொலிஸை வென்று முறியடித்தவர்கள் வைக்கிங்ஸ்.