பாலம் கடக்கும் உயிர்க்கோழி

கண்ணெதிரே அறுத்துத் தரும் சந்தைக் கோழியைத்தான் பினாங்கில் பல வீடுகள் இன்னும் நம்புகின்றன. அதில் நியாயம் இருக்கிறது. கூண்டில் நிற்கும் கோழி துடிப்பாக இருக்கிறதா, சளி ஒழுகுகிறதா என்று வாங்குபவரே பார்த்துக்கொள்ளலாம். அறுப்பவர் இறைவன் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றையும் தனியே கையில் பிடிக்கிறார். கத்தி கூராகவும் கை தேர்ந்ததாகவும் இருந்தால் ஒரே இழுப்பில் முடிந்துவிடும். காலை உலோகக் கொக்கியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, மின்சாரம் பாய்ச்சிய தண்ணீர்த் தொட்டி வழியே இழுத்துப்போகும் ஆலையைவிட இது மேல் என்று சொல்பவரை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அறுக்கும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் பார்த்து முழு வழக்கத்தையும் நல்லது என்று சொல்லிவிடுகிறோம். முந்தைய இரவு கணக்கிலேயே வருவதில்லை.

குடல் காலியாக இருந்தால்தான் இறைச்சியில் கழிவு படாது என்பதற்காக, அறுப்புக்கு 8 முதல் 12 மணி நேரத்துக்கு முன்பே பண்ணையில் தீனியை நிறுத்துவார்கள். பிடிப்பது இருட்டில். ஒரு கைக்கு நாலைந்து கோழி. காலைப் பற்றித் தலைகீழாகத் தூக்கி பிளாஸ்டிக் கூடைக்குள் திணிப்பார்கள். ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்டும்படி வளர்த்த பிராய்லருக்குத் தன் உடம்பைத் தாங்குவதே பாடு. இடுப்பு மூட்டு நழுவுவதும் இறக்கை ஒடிவதும் இங்கேதான். எண்ணிக்கைக்குக் கூலி என்று பேசிவிட்டால், பிடிக்கும் தொழிலாளியிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது வீண்.

பிறகு லோரி. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடுகிறது. லோரி ஓடும்வரை கூடைகளுக்குள் காற்று புகும். லோரி நின்றால் காற்றும் நின்றுவிடும். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நிற்கும் கோழி லோரியைத் தாண்டிப் போகிறவருக்கு ஓரத்துக் கூடைகளும் பறக்கும் இறகுகளும் தெரியும். நடு அடுக்கில் வெந்துகொண்டிருப்பவை தெரியாது.

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. நல்ல சட்டம்தான். ஆனால் நாயையோ பூனையையோ வதைத்த செய்தி வரும்போதுதான் அதன் பெயர் அடிபடுகிறது. விலங்குகளை உயிரோடு ஏற்றி அனுப்புவதால் என்ன நேரும் என்பதை இந்த நாடு அறியாததல்ல. 1998இல் பேராக்கில் தொடங்கிய நிப்பா வைரஸ் நோய், பன்றி லோரிகளோடு நெகிரி செம்பிலானுக்குப் போனது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சிங்கப்பூரில் அறுப்புக்கூடத் தொழிலாளர்களையும் அது விடவில்லை.

ஆகவே பெருநிலத்தில், பண்ணைக்கு அருகிலேயே அறுத்து, குளிரூட்டிய இறைச்சியைப் பினாங்குத் தீவுக்குக் கொண்டுவருவதே சரி என்பது என் முடிவு. உயிருக்கு வேண்டிய காற்று இறைச்சிக்கு வேண்டாம், பனிக்கட்டி போதும்.

இதில் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. ஹலால் தரமான எம்எஸ் 1500 அறுக்கும்முன் மயக்கமூட்டுவதை அனுமதிக்கிறது. ஆனால் மயக்கத்தால் உயிர் போய்விடக் கூடாது என்கிறது. கத்தியைக் கூராக்கி விலங்கின் வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கத்தில் இந்த நிபந்தனை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆலையிலோ, கோழி செத்துவிடுமோ என்ற பயத்தில் மின்னோட்டத்தைக் குறைத்தால், சில கோழிகள் சரியாக மயங்காமலே கத்திக்குப் போகும். தலையைத் தூக்கிக்கொண்ட கோழி மின்தொட்டித் தண்ணீரைத் தொடாமலே தப்பி, முழு நினைவோடு போய்ச் சேரும். பயணத்தைக் குறைத்துவிட்டு இதைக் கண்காணிக்காமல் விட்டால் வேதனை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மின்னளவைப் பதிவு செய்வதும் கால்நடை மருத்துவர் வரிசையருகே நின்று பார்ப்பதும் கட்டாயமாக வேண்டும்.

அந்த மாற்றம் வரும்வரை உயிர்க்கோழி விற்கும் கடைகளுக்கு உரிமம் தரும்போதே சில நிபந்தனைகளை விதிக்கலாம். அறுத்த கோழியைப் பீப்பாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்றாக எறியக் கூடாது. தனித்தனிக் கூம்பில் வைக்க வேண்டும். மயக்கமூட்டாமல் அறுத்த கோழியில் 90 நொடி கழியும்முன் அடுத்த பதப்படுத்தும் வேலையைத் தொடங்கக் கூடாது என்று பிரிட்டனில் விதி இருக்கிறது. சுடுதண்ணீரில் அமுக்கும்முன் அந்த 90 நொடி காத்திருக்கக் கடைக்காரருக்கு ஒரு காசும் செலவில்லை. வாங்க நிற்கும் நாமும் அவரை அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும்.