ஒரு மில்லிமீட்டரில் போன மோகனம்

சனிக்கிழமை இரவு ஏழரைக்கு உட்கார்ந்தேன், பத்தே முக்காலுக்கு எழுந்தேன். நடுவில் பதினொரு பதிவுகள். பதினொன்றும் ஒரே உருப்படிதான்: மோகன வர்ணத்தின் பல்லவி. பூச்சி சீனிவாச ஐயங்காரின் ‘நின்னுகோரி’. பாட்டு வகுப்புக்கு ஒரு வருடம் போன பிள்ளைக்கும் தெரிந்த வர்ணம். வகுப்புப் பக்கமே போகாதவர்களுக்கு 1988-இல் ‘அக்னி நட்சத்திரம்’ படத்தில் இளையராஜா அறிமுகம் செய்துவைத்தார்.

இந்தப் பத்தியில் வழக்கமாகப் பூப்பந்தையும் காற்பந்தையும்தான் அலசுவோம். இந்த வாரம் ஆட்டக்காரன் நானே. மைதானம், மலைமேல் கம்போங் ராஜாவில் என் வீட்டு முன்னறை. கையில் இருந்தது, இல்லை, மடியில் இருந்தது ஆறு தந்தி லேப் ஸ்டீல் கித்தார். நடுவர் ஒலிப்பதிவு. இந்த நடுவரிடம் போய் வாதாட முடியாது.

பழைய ஆட்கள் இதை ஹவாய் கித்தார் என்பார்கள். சாதாரண கித்தாரில் தந்தியை விரலால் மெட்டுக்கட்டையில் அழுத்துகிறோம். இதில் தந்திகள் உயரமாக நிற்கும், அழுத்தவே முடியாது. மெட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. இடது கையில் ஓர் எஃகு உருளை. அதைத் தந்திமேல் பட்டும் படாமலும் வைத்து நகர்த்த வேண்டும். மெட்டு இல்லாமல் உருளையால் வாசிக்கும் நம் கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

மோகனத்தை நான் எடுத்ததற்குக் காரணம் பக்தி இல்லை, சோம்பல். லேப் ஸ்டீலை ‘சி சிக்ஸ்த்’ என்று ஒரு முறையில் சுருதி கூட்டுவார்கள். ஆறு தந்திக்கும் சி, இ, ஜி, ஏ, சி, இ. ஒரு கட்டைச் சுருதியில் இதை நம் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள்: ச, க, ப, த, ச, க. மோகனத்தின் ஐந்து சுரத்தில் நான்கு சும்மாவே வந்து உட்கார்ந்திருக்கின்றன. உருளையை எடுத்துவிட்டு ஆறு தந்தியையும் ஒரு இழுப்பு இழுத்தால் முக்கால் மோகனம் கேட்கும். ஹவாய்க்காரர்கள் இதை மோகனத்துக்காகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் எனக்கு வசதி.

இல்லாத ஒரே சுரம் ரிஷபம். வர்ணமோ காந்தாரத்தில் தொடங்கி உடனே ரிஷபத்துக்குத்தான் இறங்குகிறது! முதல் அடியிலேயே சோதனை.

அந்த முதல் இறக்கத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஆட்டம் அங்கேதான் போனது. என் கித்தாரின் தந்தி நீளம் இருபத்திரண்டரை அங்குலம், அதாவது 57 சென்டிமீட்டர். ‘ச’ தந்தியில் நான்காம் கோடு காந்தாரம், இரண்டாம் கோடு ரிஷபம். இரண்டுக்கும் நடுவே ஐந்தரை சென்டிமீட்டர். அரைச்சுர இடைவெளியை நூறாகப் பிரித்து ஒரு பங்கை ‘சென்ட்’ என்பார்கள். கீழே ரிஷபத்தில் உருளை ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் மூன்றரை சென்ட் பிசகும். சபையில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அதே க–ரியை மேல் ஸ்தாயியில் பிடியுங்கள். ஐந்தரை சென்டிமீட்டர் பாதியாகிவிடும், அதே ஒரு மில்லிமீட்டருக்கு ஏழு சென்ட் போகும். இரண்டு மில்லிமீட்டர் தவறினால் பாட்டே தெரியாதவருக்கும் ‘எங்கேயோ இடிக்குதே’ என்று தோன்றும். இரண்டு மில்லிமீட்டர் என்பது தீக்குச்சியின் தடிமன்.

முதல் நான்கு பதிவுகளில் நான் எல்லா இடத்திலும் ஒரே பக்கமாகப் பிசகியிருந்தேன். ஒரே பக்கமாகப் பிசகினால் அது கைத்தவறு இல்லை, கண்தவறு. கித்தார் மடியில் கிடக்கிறது. தலை நேர் மேலே இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கிறது. கோடு பலகையில், உருளை அதற்கு மேலே தந்தியின் உயரத்தில். சாய்வாகப் பார்த்தால் உருளை கோட்டுக்கு நேராக இருப்பதுபோல் தெரியும், இருக்காது. காடி ஓட்டுபவரின் பக்கத்தில் உட்கார்ந்து வேகமுள்ளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஐந்தாவது பதிவில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக் கழுத்தை நீட்டினேன். சுருதி வந்துவிட்டது. கழுத்து வலியும் வந்தது.

இன்னொரு எதிரி குளிர். மாலை நான்கு மணிக்குக் கூட்டிய சுருதி இங்கே எட்டு மணிக்கு நிற்பதில்லை. மலைக்காற்று இறங்கியதும் தந்தி சுருங்கி இறுகும், சுருதி மேலே ஏறும். ஈப்போவில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சிம்பாங் பூலாய் சாலையில் ஏறிவந்து இங்கே கித்தார் வாசிக்க நினைப்பவர்கள் சுருதிமானியைக் கையோடு கொண்டு வரவும்.

ஞாயிறு காலை, பசியாறிவிட்டு, பதினொன்றையும் போட்டுக் கேட்டேன். தவறான சுரம் வாசித்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுருதி விலகிய இடங்கள் அதைவிட அதிகம். ஆனால் பாதிக்கு மேற்பட்ட பிழைகள் நான் வாசிக்கும்போது காதில் விழவே இல்லை: சுரம் முடிகிற இடங்கள்.

வீணையில் விரலை எடுத்தால் ஒலி அடங்கும். இதில் உருளையை நகர்த்தும்போது போன சுரம் பின்னாலேயே வரும், பக்கத்துத் தந்தியும் கூட முனகும், உருளைக்குப் பின்னால் தந்தி தனியாக ஒரு சத்தம் போடும். இதை அடக்க இரண்டு வேலை. இடது கையில் உருளைக்குப் பின்னால் மோதிர விரலையும் சுண்டு விரலையும் தந்திகள்மேல் கிடத்தி இழுத்துக்கொண்டே போக வேண்டும். வலது கையில் அடுத்த சுரத்தை மீட்டுவதற்கு ஒரு நொடித்துளி முன்னால் உள்ளங்கையின் ஓரத்தை வைத்து எடுக்க வேண்டும். காற்பந்தில் கோல் அடித்தவனைக் காட்டும் கேமரா, பந்தைத் தடுத்த தற்காப்பு ஆட்டக்காரனைக் காட்டாது. என் வலது உள்ளங்கை அன்றைக்குத் தற்காப்பைக் கோட்டைவிட்டது.

இன்னொன்றையும் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். சுருதி சந்தேகமாக இருந்த இடத்திலெல்லாம் கை தானாக நடுங்கத் தொடங்கியிருக்கிறது. கேட்பவர் கமகம் என்று நினைத்துக்கொள்வார். கமகம் இல்லை, களவு. சுரத்தைத் தொட்டுவிட்டு அசைப்பது வேறு, சுரம் எங்கே என்று தேடுவதற்காக அசைப்பது வேறு.

இந்த உருளைக்கு ஒரு பிறப்புக் கதை சொல்வார்கள். 1889 வாக்கில், ஹவாயில், ஜோசப் கேகுகு என்ற பள்ளி மாணவன் ரயில் தண்டவாளத்து ஓரம் கிடந்த இரும்பு மறையாணியைப் பொறுக்கித் தன் கித்தார் தந்தியில் உரசிப் பார்த்தானாம். அவனுக்கும் முன்னால் அங்கே அதைச் செய்து காட்டியவர் இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் என்ற மாலுமி என்றும் ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, 1940-களில் டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். வங்காளத்தில் வீட்டுக்கு வீடு ஹவாய் கித்தார் பரவியதற்கு அவரும் ஒரு காரணம்.

தெற்கே நமக்கு அந்த உருளை புதிது இல்லை. திருவிடைமருதூர் சகாராம ராவ் கோட்டுவாத்தியத்தில் பேர்போனவர். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் கற்றார். ராவ் பாடகர் அல்ல, வாத்தியக்காரர். ஆனால் அவரிடம் போய் ஒரு பாடகர் பாடக் கற்றுக்கொள்கிறார்! மெட்டு இல்லாத தந்திக்கும் மனிதக் குரலுக்கும் இருக்கும் உறவுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும். நம்மவர்கள் லேப் ஸ்டீல் கற்க இணையத்தில் அமெரிக்கப் பாடங்களைத் தேடுகிறார்கள். தேடட்டும், கைப்பழக்கத்துக்கு அவை நல்லவை. காதுப் பழக்கத்துக்குக் கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்காரையும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளையும் கேளுங்கள்.

1967-இல் வந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். சிவகுமார் சர்மா சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் கப்ரா கித்தார். கப்ரா வாசித்தது மடியில் கிடத்திய கித்தார்தான். மூவரில் அதிகம் ஒதுங்கி நிற்பவர் அவர் என்று என் காதுக்குப் படுகிறது. வருவார், ஒரு வளைவு வளைப்பார், அடக்குவார், போய்விடுவார். அடக்குவதில்தான் அவர் ஜெயிக்கிறார்.

சரி, பதிவு விஷயம். மின் கித்தாராக இருப்பதால் மழைச் சத்தம் தந்திக்குள் வராது என்று நம்பி, கம்பியை நேராகக் கணினிக்குள் செருகினேன். வெளியே துத்தநாகக் கூரையிலும் எதிர்ச் சரிவுக் காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரங்களிலும் மழை கொட்டுகிறது, பதிவில் ஒரு துளி இல்லை. ஆனால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அந்த இரைச்சலில் அதன் இரட்டிப்பான 100-உம் பலமாக இருக்கும். ஒரு கட்டைச் சுருதிக்குக் கீழ்ப் பஞ்சமம் நொடிக்கு 98 அதிர்வு. ஆக, வீட்டு மின்சாரம் எனக்குப் பஞ்சம சுருதி போட்டுக்கொண்டிருந்தது, அதுவும் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே ஏறி. நாற்காலியோடு கால்வட்டம் திரும்பி உட்கார்ந்ததும் இரைச்சல் பாதி அடங்கியது. கம்பிச்சுருள் ஒன்றே ஒன்று உள்ள பழைய பாணிப் பிக்-அப்புக்குத் திசை பார்த்து உட்காருவது மூடநம்பிக்கை இல்லை.

கைப்பேசியில் பதிபவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பேசியின் குரல்பதிவுச் செயலி மனிதப் பேச்சுக்குச் செய்யப்பட்டது. நீண்டு நிற்கும் ஒலியை அது மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அமுக்கப் பார்க்கும். லேப் ஸ்டீலின் உயிரே நீண்டு நிற்கும் ஒலிதான். இரைச்சல் நீக்கி, தானியங்கி ஒலியளவு இரண்டையும் அணைத்துவிட்டுப் பதியுங்கள்.

பெரிய ஸ்டுடியோ இல்லையே என்று புலம்புபவர்களுக்கும் ஒன்று. விஸ்வ மோகன் பட்டும் ரை கூடரும் வாசித்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ 1994-இல் கிராமி விருது வாங்கியது. 1992-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில், ஒரு தேவாலயத்தில் உட்கார்ந்து, அறிமுகமான சிறிது நேரத்திலேயே வாசித்துப் பதிந்தது அது. பதிந்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். ஆளுக்கொரு மைக் என்று அடுக்காமல், ஜோடி மைக்கை ஓரிடத்தில் வைத்து, எல்லாரும் ஒன்றாக வாசித்ததை அப்படியே பிடிப்பது அவர் வழி. ஒட்டுப்போட இடமே இல்லை. நானோ பதினொரு பதிவிலிருந்து நல்ல துண்டுகளை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டும் சரி, சேர்ந்தால் யாரோ ஆறு பேர் மாறிமாறிப் பாடியதுபோல் இருந்தது. ஒட்டியதை அழித்தேன்.

திங்கள்கிழமை பக்கத்து வீட்டு அக்கா வேலிப்பக்கம் நின்று கேட்டார்: “என்ன தம்பி, சனிக்கிழமை ராத்திரி ஒரே பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டு இருந்தீங்க, ரேடியோ கெட்டுப் போச்சா?” ‘போட்டுக்கிட்டு’ என்றாரே, ‘வாசிச்சுக்கிட்டு’ என்று சொல்லவில்லை. பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இனி மதிப்பெண். சுருதி, பத்துக்கு ஆறு. ஐந்தாம் பதிவுக்குப் பிறகு ஏழு. தாளம் ஏழு. அடக்கம் மூன்று. தேறியது ஏழாம் பதிவு மட்டும்தான். அதிலும் இரண்டாம் ஆவர்த்தனத்தில் மேல் காந்தாரம் ஒரு மில்லிமீட்டர் கீழே நிற்கிறது.